நீச்சல் குளத்து வாடை எங்கிருந்து வருகிறது?

பொது நீச்சல் குளம் எனக்கு அறவே பிடிக்காது. வழுக்கும் ஈரத் தரை, வடிகால் மூடியில் சுருண்டு கிடக்கும் யாரோ ஒருவரின் முடி, எல்லாவற்றுக்கும் மேலாக உள்ளே நுழையும்போதே மூக்கில் ஏறும் அந்த வாடை. ஆனாலும் என் சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் செய்கிறேன். தண்ணீரில் மூழ்கி இறப்பவர்களில் 1 முதல் 4 வயதுக் குழந்தைகள் அதிகம். முறையாக நீச்சல் பழகிய அந்த வயதுக் குழந்தைகளுக்கு மூழ்கும் ஆபத்து வெகுவாகக் குறைகிறது என்று அமெரிக்காவில் 2009-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சிறிய ஆய்வுதான், ஆனால் என் அருவருப்பை ஒதுக்கி வைக்க அது போதும்.

அந்த வாடை வந்தால் "குளோரினை அள்ளிக் கொட்டிட்டாங்க" என்போம். நடந்திருப்பது பெரும்பாலும் நேர்மாறானது. குளோரின் தண்ணீரில் கலந்ததும் ஹைப்போகுளோரஸ் அமிலம் உருவாகிறது. கிருமியின் உறையைத் துளைத்து உள்ளே போய் அதைக் கொல்வது இதுதான். போதுமான குளோரின் இருந்து, ஆட்கள் உடம்பைக் கழுவிவிட்டு இறங்கும் குளத்தில் வாடை லேசாகத்தான் இருக்கும். வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள யூரியா, அம்மோனியா போன்ற நைட்ரஜன் சேர்மங்களோடு குளோரின் வினைபுரியும்போதுதான் குளோரமைன்கள் பிறக்கின்றன. அவற்றில் டிரைகுளோரமைன் தண்ணீரில் தங்காது. காற்றுக்குத் தப்பி, நீர்ப்பரப்புக்குச் சற்று மேலே மிதந்து நிற்கும். கண் சிவப்பதற்கும் தொண்டை கமறுவதற்கும் முக்கியக் காரணம் அதுதான். நீந்தும் குழந்தையின் மூக்கு இருப்பதும் அதே உயரத்தில்தான். நெடி தூக்கலாக இருந்தால், கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரின் நம் அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

எவ்வளவு அழுக்கு? கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் இதை ஒரு தந்திரத்தால் அளந்தார்கள். அசிசல்ஃபேம் பொட்டாசியம் என்ற செயற்கை இனிப்பு உடலில் செரிக்காமல் அப்படியே சிறுநீரில் வெளியேறும். குளத்து நீரில் அது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் சிறுநீரின் கணக்கு கிடைத்துவிடும். சுமார் 8.3 லட்சம் லிட்டர் கொண்ட ஒரு குளத்தில் 75 லிட்டர் சிறுநீர் இருக்கலாம் என்று வந்தது. விகிதத்தில் இது பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. தெரிந்தபின் முகம் சுளிக்காமல் இருக்க முடியவில்லை என்பது வேறு விஷயம். (சிறுநீர் பட்டதும் நிறம் மாறும் சாயம் குளத்தில் கலந்திருக்கிறது என்பது பிள்ளைகளை மிரட்டப் பெரியவர்கள் கட்டிவிட்ட கதை.)

சிறுவர் குளத்தில் நிலைமை இன்னும் மோசம். ஆழம் குறைவு, தண்ணீர் குறைவு, வெதுவெதுப்பு அதிகம், டயபர் கட்டிய கூட்டமும் அதிகம். குளோரின் சீக்கிரம் தீர்ந்துபோகும். ஆகவே நெடி தூக்கலாக இருந்தால் பெரியவர் குளத்தைவிட இங்கேதான் முதலில் யோசிப்பேன்.

குளோரின் சரியான அளவில் இருந்தாலும் எல்லாக் கிருமிக்கும் ஒரே வேகத்தில் சாவு வராது. பத்து லட்சம் பங்கு நீருக்கு ஒரு பங்கு குளோரின் (1 பி.பி.எம்.) இருந்தால், ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் ஆபத்தான வகை ஒரு நிமிடத்துக்குள் மடிகிறது. ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணிக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். தடித்த ஓட்டுக்குள் இருக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஒட்டுண்ணியோ பத்து நாளுக்கு மேல் தாக்குப்பிடிக்கும். அதன் அகலம் 4 முதல் 6 மைக்ரான்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்பதால் சாதாரண மணல் வடிகட்டியிலும் எளிதில் நழுவிவிடும். வயிற்றுப்போக்கு உள்ள ஒரே குழந்தை இறங்கினாலும் மொத்தக் குளத்துக்கும் தலைவலி என்பது இதனால்தான். பிள்ளைகள் தண்ணீரை விழுங்குவதும் அதிகம். முக்கால் மணி நேர நீச்சலில் பெரியவர்கள் சராசரியாக 16 மில்லி விழுங்கினால் பிள்ளைகள் 37 மில்லி விழுங்குகிறார்கள் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. வாயில் தண்ணீரை நிரப்பிப் பீய்ச்சுவதுதான் என் மகளுக்குப் பிடித்த விளையாட்டு, கேட்கவே வேண்டாம்.

அதனால் இறங்குவதற்கு முன் கரையில் நின்று குளத்தின் அடித்தளம் துல்லியமாகத் தெரிகிறதா என்று பார்க்கிறேன். கலங்கலாக இருந்தால் கிருமியைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு: மூழ்கும் குழந்தை மேலிருந்து கண்ணில் படாது. பிறகு ஷவரில் ஒரு நிமிடம், அவளும் நானும். உடம்பில் ஒட்டியிருக்கும் அழுக்கில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும், குளோரினுக்கும் அந்த அளவு வேலை மிச்சம். நீச்சல் டயபரை நம்பிச் சும்மா இருந்துவிடவும் முடியாது. கெட்டியான மலத்தைக் கொஞ்ச நேரம் தாங்குமே தவிர, சிறுநீரைத் தாங்குவதில்லை. சிறுநீரை உறிஞ்சும்படி செய்தால் அது குளத்து நீரையே குடித்து ஊதிப்போகும். ஆகவே மணிக்கு ஒரு தடவை, அழுதாலும் சரி, தூக்கிக்கொண்டு கழிப்பறைக்கு நடை.