பாட்டு பிசகாமல் வந்ததற்கு என்ன சாட்சி?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் பெட்டகத்தைத் திறந்தால், பாத்திர பண்டங்களோடு ஒரு கட்டு சிடியும் இருக்கும். கிராமபோன் தட்டுக் காலத்திலிருந்தே காசு கொடுத்துப் பாட்டு வாங்கிய ஊர்கள் இவை. ஏ.வி.எம். மெய்யப்பனே காரைக்குடியில் தன் அப்பாவின் கடையில் தட்டு விற்றுத்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தார். அந்தக் கட்டில் பாதி, கடையில் வாங்கியது. மீதி, உள்ளூர் ஸ்டூடியோவில் எழுதி வாங்கியது: சாந்திக் கல்யாணத்து நாகஸ்வரம், பழனி நடைப்பயணத்துக் காவடிப் பாட்டு, கேசட்டிலிருந்து மாற்றிய ஆச்சியின் தாலாட்டு. இந்த இரண்டாவது வகைக்குப் பெரும்பாலும் வேறு பிரதியே கிடையாது. அதனால்தான் இவற்றைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது எந்த சாஃப்ட்வேர் என்பது முக்கியமான கேள்வியாகிறது. கண்பார்வை இல்லாதவர் மாற்றுவதாக இருந்தால் இன்னும் முக்கியம்.

மியூசிக் சிடியிலிருந்து பாட்டை எடுப்பதும் பென் டிரைவிலிருந்து பைலை எடுப்பதும் ஒன்றல்ல. 1982-ல் பிலிப்ஸும் சோனியும் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆடியோ சிடி, போட்டுக் கேட்பதற்கென்றே செய்யப்பட்டது. அதில் ஒலி, நொடிக்கு 44,100 அளவீடுகளாக, இடது வலது இரண்டு பக்கமும் 16 பிட் எண்களாகப் பதிந்திருக்கிறது. ஒரு நொடி 75 செக்டர்களாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு செக்டரிலும் 2,352 பைட். பைல்கள் எழுதும் டேட்டா சிடியிலும் செக்டரின் அளவு இதேதான். ஆனால் அங்கே பைலுக்குக் கிடைப்பது வழக்கமாக 2,048 பைட். மீதி இடம் செக்டரின் முகவரிக்கும் கூடுதல் பிழைதிருத்தத்துக்கும் போய்விடும். ஆடியோ சிடியில் 2,352 பைட்டும் பாட்டுக்கே. துல்லியமான முகவரியும் இல்லை, கடைசிக் கட்டச் சோதனையும் இல்லை. டேட்டா சிடி கெட்டிருந்தால் கம்ப்யூட்டர் "படிக்க முடியவில்லை" என்று நின்றுவிடும். பாட்டு சிடி கெட்டிருந்தால் பல நேரம் ஒன்றுமே சொல்லாது.

பிழைதிருத்தமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ரீட்-சாலமன் என்ற கணித முறை ஆடியோ சிடியிலும் இரண்டு அடுக்காக வேலை செய்கிறது. அடுத்தடுத்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதாமல் தள்ளித் தள்ளிப் பரப்பி வைத்திருப்பதால், ஒரு கீறல் ஒரே இடத்துப் பாட்டை மொத்தமாக அழிப்பதில்லை. பல இடங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்கிறது. பாட்டு சுருளாகப் பதிந்து ஓடும் தடத்தின் வழியே சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளம் வரை சேதம் இருந்தாலும் முழுமையாகத் திருத்திவிடலாம். அதற்கு மேல் போனால், முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பார்த்து நடுவில் ஒன்றை ஊகித்து நிரப்பிவிடும், இல்லையென்றால் அந்த இடத்தை மௌனமாக்கிவிடும். கேட்கிறவருக்கு இது உதவிதான். பிரதி எடுப்பவருக்கோ, ஊகம் உண்மையின் இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது.

(சிடியைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்க வேண்டாம். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டக் கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடும், குறுக்குக் கீறல் தடத்தை வெட்டிவிட்டுப் போய்விடும். பெயர் எழுதிய பக்கத்தில் இன்னும் கவனம் வேண்டும். பிரதிபலிக்கும் படலம் அந்தப் பக்கத்து மேற்பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது.)

சிடியிலிருந்து பாட்டைப் பைலாக எடுப்பதை ரிப்பிங் என்பார்கள். நல்ல ரிப்பிங் சாஃப்ட்வேர், சிடியைப் படிக்கும் டிரைவ் சொல்வதை அப்படியே நம்பாது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லும். டிரைவ் தன் நினைவகத்திலிருந்து பழைய விடையையே நீட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளும். பாட்டு முழுவதையும் இரண்டு தரம் படித்து, ஒவ்வொரு தரமும் எண்களிலிருந்து சிஆர்சி என்ற ஒரு குறியெண்ணைக் கணக்கிடும். பெட்டிக்கடைக் கணக்கை இரண்டு கணக்கப்பிள்ளைகள் தனித்தனியே கூட்டி ஒத்துப் பார்ப்பது போலத்தான் இது. ஆனால் இரண்டு பேரும் ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்யலாமே? அதற்குத்தான் அக்யூரேட்ரிப் என்ற பொதுத் தரவுத்தளம். அதே சிடியை உலகில் மற்றவர்கள் எடுத்தபோது வந்த குறியெண்ணோடு உங்களுடையதை ஒப்பிட்டு, எத்தனை பேருடையது ஒத்துப்போகிறது என்று சொல்லும். ஒவ்வொரு டிரைவ் மாடலும் பாட்டின் தொடக்கத்தைச் சில அளவீடுகள் முன்னோ பின்னோ தள்ளிப் படிக்கும். அந்த விலகலைச் சரிசெய்த பிறகே ஒப்பிட முடியும். ஆச்சியின் தாலாட்டு உலகத் தரவுத்தளத்தில் இருக்காது. அதற்கு வேறொரு கம்பெனி டிரைவிலும் எடுத்து, விலகலைச் சரிசெய்து, இரண்டு சிஆர்சியையும் ஒத்துப் பாருங்கள்.

இந்தச் சோதனைகளின் முடிவெல்லாம் கடைசியில் லாக் என்ற எழுத்துப் பைலாக வருகிறது. பார்வையற்றவருக்கு வேண்டியதும் எழுத்துத்தான். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் என்விடிஏ போன்ற ஸ்கிரீன் ரீடர் திரையைக் கண்ணால் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பொத்தானிடமும் பட்டியலிடமும் அதன் பெயர், வகை, நிலை மூன்றையும் விண்டோஸ் வழியாகக் கேட்டு வாங்கிப் பேசுகிறது. விண்டோஸின் வழக்கமான பொத்தான்களை வைத்துச் செய்த சாஃப்ட்வேர் இதற்குப் பதில் சொல்லும். அழகுக்காகத் தாமே வரைந்த பொத்தான்கள், அவற்றைச் செய்தவர் தனியாகப் பெயர் கொடுக்காவிட்டால், "பட்டன்" என்பதோடு நின்றுவிடும். பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு என்று நிறத்தால் மட்டும் முடிவைக் காட்டும் சாஃப்ட்வேர், பார்வையற்றவரிடம் முடிவைச் சொல்லவே இல்லை. என் அளவுகோல் இதுதான்: பாட்டு சரியாக வந்ததா என்பதை எழுத்தில் சொல்லாத சாஃப்ட்வேர் தரத்துக்கும் ஆகாது, பார்வையற்றவருக்கும் ஆகாது.

விண்டோஸில் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் ஃபூபார்2000-ஐத்தான் சொல்வேன். இலவசம், மெனுக்கள் எளியவை, கீபோர்டிலேயே எல்லாம் நடக்கும், அக்யூரேட்ரிப் ஒப்பீடும் உண்டு. தரம் குறையாமல் சுருக்கி வைக்கும் பிளாக் (FLAC) பைலாக மாற்றும் என்கோடர் தொகுப்பைத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். அரிய சிடிகளுக்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி. இதுவும் இலவசம். செட்டிங்குகள் ஏராளம், முதல் தடவை பொறுமை வேண்டும். ஓரத்தில் இருக்கும் படப் பொத்தான்களைத் தேட வேண்டாம், அந்த வேலைகள் மெனுவில் இருக்கின்றன. எஃப்6 அழுத்தினால் சோதித்து எடுக்கும் வேலை தொடங்கிவிடும்.

எங்கள் பக்கத்தில் வாய்ப்பாட்டு சொல்லித்தரும் பார்வையற்ற வாத்தியார் ஒருவர் இதை வைத்து வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். மானிட்டர் அணைந்திருந்தது. வேலை முடிந்து வந்த அறிக்கையில் கீழ் அம்புக்குறியை அழுத்தி அழுத்தி இறங்கினார். "காப்பி ஓகே", "காப்பி ஓகே" என்று குரல் ஓடியது. ஏழாவது பாட்டில் "சஸ்பிசியஸ் பொசிஷன்" (சந்தேகமான இடம்) என்று ஒரு நேரத்தைச் சொன்னதும் நின்றார். அந்த இடத்தைப் போட்டுக் கேட்டார். தம்புராவுக்கு அடியில் சின்னதாக ஒரு 'டிக்'. எனக்கு மூன்றாவது தரம்தான் கேட்டது. சிடியைத் துடைத்து, படிக்கும் வேகத்தைக் குறைத்து, அந்தப் பாட்டை மட்டும் மறுபடி எடுத்தார். இரண்டு சிஆர்சியும் ஒத்துவந்தன.

லினக்ஸில் சிடிபாரனோயா என்ற சாஃப்ட்வேர், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் ஓடுவதால் முழுக்க எழுத்துத்தான். ஆனால் படிக்கும்போது நிலவரத்தைச் சிரிப்பு முகக் குறிகளால் காட்டும், ஸ்கிரீன் ரீடரில் அது வெறும் இரைச்சல். கட்டளையில் மைனஸ் க்யூ (-q) சேர்த்தால் அடங்கிவிடும். லாக்கும் அக்யூரேட்ரிப்பும் வேண்டுமென்றால் விப்பர் என்ற சாஃப்ட்வேர்.

எடுத்ததை பிளாக்கில் வையுங்கள். 74 நிமிட சிடி அப்படியே வைத்தால் சுமார் 780 எம்பி பிடிக்கும். பிளாக் ஒரு பிட்கூட இழக்காமல் அதைக் கணிசமாகச் சுருக்கும். எம்பி3-இல் போனது போனதுதான். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று ஏற்றி வைப்பதால் சிடியில் இல்லாத எதுவும் வந்துவிடாது. ஸ்டூடியோவில் எழுதிய சிடிகளை முதலில் எடுத்துவிடுங்கள். அவற்றில் பதிவு நிற்பது சாய அடுக்கில். நம் ஊர் வெயிலும் வெளிச்சமும் அதற்கு ஆகாது. பாட்டின் பெயர், பாடியவர், எந்த விசேஷம் என்பதையெல்லாம் தமிழிலேயே அடியுங்கள். இந்த விவரங்கள் பதியும் பிளாக்கின் டேக் யூனிகோடை ஏற்கும், என்விடிஏ-வோடு வரும் ஈஸ்பீக் குரலுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். லாக் பைலையும் அதே போல்டரில் போட்டு வைத்தால், பிறகு அந்தப் பாட்டைக் கேட்டு வாங்குபவரும் அது பிசகில்லாத பிரதிதானா என்று பார்த்துக்கொள்ளலாம்.