இருபதாம் நாள் உங்கள் பண்டம் எப்படி இருக்கிறது?

போன ஐப்பசியில் பெங்களூரிலிருந்து நாற்பது பெட்டி அல்வா திரும்பி வந்தது. திருநெல்வேலி டவுனில் மூன்று தலைமுறையாக அல்வா கிண்டும் குடும்பம். பெரியவர் என்னை வரச் சொல்லி, ஒரு டப்பாவின் மூடியைத் திறந்து என் முன்னால் வைத்தார். மூடியின் உட்புறம் முழுக்க முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. அல்வாவின் ஓரத்தில் கடுகு அளவுக்குச் சாம்பல் நிறத்தில் மூன்று புள்ளிகள். மணத்திலும் நிறத்திலும் எந்தக் குறையும் இல்லை. அந்த மூன்று புள்ளிகளுக்காக நாற்பது பெட்டியும் திரும்பியிருந்தது.

"தம்பி, எங்கள் அப்பா காலத்துக் கைப்பக்குவம்தான் இன்றைக்கும். அதே கோதுமைப் பால், அதே நெய். எங்கே தப்பு வந்தது?" என்று கேட்டார்.

பக்குவத்தில் தப்பு இல்லை, அண்ணாச்சி. அப்பா காலத்தில் அல்வாவை இலையில் வைத்துச் சுடச்சுடத் தின்றார்கள். மிஞ்சிப் போனால் பொட்டலம் கட்டி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி, மறுநாள் காலையில் சென்னையில் பிரித்தார்கள். இன்றைக்கு அதே அல்வா கூரியர் கிட்டங்கியில் இரண்டு நாள், மொத்த வியாபாரியிடம் ஐந்து நாள், கடை அலமாரியில் பத்து நாள் இருந்துவிட்டுத்தான் ஒருவர் வாய்க்குப் போகிறது. அதற்கு வேண்டிய ஏற்பாடுகளை நாம் செய்யவில்லை. அவ்வளவுதான்.

நடந்தது இது. அடுப்பிலிருந்து இறக்கிய அல்வாவை ஆறவிடாமல் டப்பாவில் ஊற்றி, உடனே மூடி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். உள்ளே எழுந்த ஆவி மூடியில் பட்டு நீராகியிருக்கிறது. அல்வாவில் இருக்கும் நீரைச் சீனி பிடித்து வைத்திருக்கும். கிருமிகளால் அதை எளிதில் எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு பண்டத்தில் கிருமிகளுக்குக் கிடைக்கக்கூடிய நீரின் அளவை 'நீர்ச் செயல்பாடு' என்கிறோம். தூய நீருக்கு அது 1. அந்த அளவு 0.85-க்குக் கீழே இருந்தால் நோய் தரும் பாக்டீரியாக்கள் வளர்வதில்லை. பெரும்பாலான பூஞ்சைகளையும் அண்டவிடாமல் வைக்க 0.7-க்கும் கீழே போக வேண்டும். மூடியில் கோத்த துளி எதனாலும் பிடித்து வைக்கப்படாத தனி நீர். அது சொட்டிய இடத்தில் மட்டும் அல்வா தன் காவலை இழக்கிறது. அந்தப் புள்ளிகள் ஓரத்தில் வந்ததற்கும் காரணம் அதுதான்.

அகலமான தட்டில் ஊற்றி, சுத்தமான துணியோ வலையோ போட்டு மூடி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் நிரப்பச் சொன்னேன். அல்வாவுக்கும் மூடிக்கும் இடையில் காலி இடம் விடாத அளவில் சிறிய டப்பாவுக்கு மாறச் சொன்னேன். இதற்கு எந்த இயந்திரமும் தேவைப்படவில்லை.

உணவுத் தொழில்நுட்ப ஆலோசகனாகப் பன்னிரண்டு ஆண்டுகளாகத் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களைச் சுற்றி வருகிறேன். மூன்றும் ஒரு காலத்தில் ஒரே நெல்லைச் சீமை. எந்தப் பட்டறைக்குப் போனாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "உங்கள் பண்டத்தை இருபதாம் நாள் நீங்கள் தின்று பார்த்திருக்கிறீர்களா?" என்பதுதான். அநேகமாக எல்லோரும் சொல்லும் பதில், "அதுவரைக்கும் எங்கே மிஞ்சுகிறது?" என்பது. உள்ளூர்க் கடையில் மிஞ்சாது, உண்மைதான். வெளியூர்ச் சந்தை தொடங்குவதே இருபதாம் நாளில்தான்.

அந்தச் சந்தை இருக்கிறதா என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம். சென்னை, மும்பை, பெங்களூர், வளைகுடா என்று நம் சீமைக்காரர் குடியேறாத ஊர் இல்லை. முந்திரிக்கொத்தும் சீரணி மிட்டாயும் மோர் மிளகாயும் சில்லுக் கருப்பட்டியும் அவர்களுக்கு அம்மா வீட்டு வாசனை. குற்றாலச் சீசனுக்கும் திருச்செந்தூருக்கும் வருகிறவர்கள் வாங்கிப் போய் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துப் பழக்கிவிட்டதால், வேறு மாவட்டத்துக்காரர்களும் இன்று கேட்கிறார்கள். கேட்பவர் இருக்கிறார், செய்பவர் இருக்கிறார். நடுவில் இருக்கும் நாட்களைத் தாண்டத்தான் நம் பொட்டலத்துக்குத் தெம்பு இல்லை.

பண்டத்தின் ஆயுளை அறிய ஆய்வகத்துக்குப் போவதற்கு முன்னால், வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஒரே நாளில், ஒரே ஈட்டில் செய்த முப்பது பொட்டலங்களைத் தனியே எடுத்து வையுங்கள். குளிர்ந்த அறையில் வேண்டாம். பெட்டிக்கடையின் தகரக் கூரைக்கு அடியில், வெயில் சாயும் பக்கமாக வையுங்கள். உங்கள் சரக்கு கடைசியில் போய் உட்காரப்போவது அங்கேதான். ஒவ்வொரு பொட்டலத்திலும் எண் எழுதி, கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நாளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் நிறுங்கள். இரண்டைப் பிரித்து, முகர்ந்து, தின்று பாருங்கள். வீட்டில் இல்லாத ஒருவரையும் தின்னச் சொல்லுங்கள், ஏனென்றால் சொந்தக் கைப்பண்டத்தின் குறை சொந்த நாக்குக்குத் தெரிவதில்லை. எடை கூடினால் பொட்டலம் காற்றின் ஈரத்தை உள்ளே விடுகிறது. குறைந்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகிறது. எந்த நாள் வரை சுவை நன்றாக இருந்தது என்று நோட்டில் எழுதுங்கள். அந்த நாளிலிருந்து மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு, மீதியைத்தான் உறையில் அச்சடிக்க வேண்டும் என்பது என் வழக்கம். அதற்கு மேல் கிருமிப் பரிசோதனைக்கும் சத்துக் கணக்குக்கும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் கட்டாயம் வேண்டும். தஞ்சாவூரில் இருக்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பரிசோதனையும் பயிற்சியும் உண்டு. கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி நமக்குக் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் அப்பளம் போடும் ஓர் அக்கா இந்தச் சோதனையைச் செய்தார். அவருக்கு அதுவரை அளவுகோல் காதுதான். காய்ந்த அப்பளத்தின் விளிம்பை ஒடித்து, அந்தச் சத்தத்தை வைத்தே பதம் சொல்லிவிடுவார். என் ஈரப்பத மீட்டர் காட்டிய எண்ணுக்கும் அவர் காதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை, அசந்துபோனேன். ஆனால் கட்டிய பிறகு பொட்டலத்துக்குள் நடப்பது காதுக்குக் கேட்காது அல்லவா? சித்திரையில் வைத்த 200 கிராம் பொட்டலங்கள் ஒரு மாதத்தில் ஆறு கிராம் இழந்திருந்தன. மெல்லிய பாலித்தீன் உறை. ஈரம் போனதால் அப்பளம் நொறுங்கியது, எடையும் குறைந்தது. அதுவரை லாரிக்காரர் தூக்கிப் போடுவதால் உடைகிறது என்றே நினைத்திருந்தார். ஐப்பசியில் அதே உறை ஈரத்தை உள்ளே விட்டு, நடு அப்பளங்களில் பூசணம் காட்டியது. உறையைத் தடிமனாக்கினோம், விலையில் எழுபத்தைந்து காசு கூடியது. உடைசலுக்காகக் கழித்துக் கொடுத்த பணத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

முறுக்கு, காராச்சேவு, நேந்திரம் சிப்ஸ் போடுகிறவர்களுக்கு எதிரி வேறு: சிக்கு வாடை. காற்றும் வெளிச்சமும் எண்ணெயைக் கெடுக்கின்றன. கண்ணாடிபோன்ற உறை பார்க்க அழகுதான். கடை வாசலில் தொங்கும் பண்டத்துக்கு அது ஆகாது. உட்புறம் வெள்ளிபோல் மின்னும் உறையில், காற்றுக்குப் பதிலாக நைட்ரஜன் நிரப்பிக் கட்டுவது நல்லது. சட்டி எண்ணெயின் கெடுதலுக்கும் சட்டத்தில் வரம்பு உண்டு. திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் சிதைந்து உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது. பழைய எண்ணெயில் பொரித்தது முதல் நாளே பாதி ஆயுளை இழந்துவிடுகிறது.

கருப்பட்டியைப் பற்றிக் கொஞ்சம் மனம் விட்டே சொல்ல வேண்டும். நம் முன்னோர் அதை ஓலைக் கொட்டானில் வைத்தது வெறும் பழக்கம் அல்ல. ஓலை மூச்சுவிடும். அதே கருப்பட்டியைச் சரியாகக் காயவைக்காமல் பிளாஸ்டிக்கில் அடைத்தால் மழைக்காலத்தில் வியர்த்து, கசிந்து, உறைக்குள்ளேயே பாகாகிவிடும். சந்தையில் கருப்பட்டிக்குக் கேட்பு கூடக் கூட, சீனி கலப்பதும் கூடிவருகிறது. பனையேறி உயிரைப் பணயம் வைத்து இறக்கிய பதநீரின் பெயரில் சீனியை விற்பதை வியாபாரத் தந்திரம் என்று யாராவது என்னிடம் சொன்னால் நான் அந்தப் பட்டறைக்கு மறுபடி போவதில்லை. உடன்குடி கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது; கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-லேயே கிடைத்துவிட்டது. அந்தக் குறியீட்டு முத்திரையை உறையில் போட வேண்டுமானால், அந்த ஊரில் செய்வது மட்டும் போதாது; 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்' என்று பதிவு செய்துகொள்ள வேண்டும். தகுதி இருந்தும் பதிவு செய்யாத பலரைப் பார்க்கிறேன். அது கையில் கிடைத்த சொத்தைப் பட்டா மாற்றாமல் விட்டதுபோல.

உறையில் அச்சிட வேண்டியவை பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்: உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண், பச்சைப் புள்ளி, சேர்பொருள்கள், நிகர எடை, ஈட்டு எண், தேதி, எல்லா வரிகளும் சேர்ந்த அதிகபட்ச விலை. நான் இரண்டை மட்டும் வலியுறுத்துவேன். கோதுமை, பால், நிலக்கடலை, முந்திரி ஆகியவை ஒவ்வாமை தரக்கூடியவை. அவை இருப்பதைத் தனியே சொல்லியாக வேண்டும். சிலருக்கு இது உயிர்ப் பிரச்சினை. அடுத்து, 'இந்த நாளுக்குள் உண்ணச் சிறந்தது' என்பதைப் பக்கத்துக் கடைக்காரர் உறையைப் பார்த்து எழுதாதீர்கள். அவர் உறை வேறு, அவர் எண்ணெய் வேறு. உங்கள் நோட்டில் இருப்பதை எழுதுங்கள்.

வரியில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்பது தமிழ்நாட்டுக்குள் விற்பதற்குத்தான். வேறு மாநிலத்துக்கு வரிக்குரிய சரக்கை விற்றால், தொகை சிறியதானாலும் பதிவு கட்டாயம். மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் இணக்கமுறைத் திட்டத்தில் (காம்போசிஷன்) இருப்பவர் வெளிமாநிலத்துக்கு விற்கவே முடியாது. ஆகவே பெங்களூர் வியாபாரியிடம் சரி என்று சொல்வதற்கு முன் கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பொட்டலமிட்ட நொறுக்குத் தீனிகளின் வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அப்பளத்துக்கு வரியே இல்லை. இது சிறியவர்களுக்கு நல்ல காலம்.

வெளிநாட்டுக்கு அனுப்ப ஆசைப்படும் கடலை மிட்டாய்க்காரர்களுக்கு ஒரு சொல். ஐரோப்பிய ஒன்றியத்தில் உண்ணத் தயாரான நிலக்கடலையில் அஃப்லாடாக்சின் நச்சு கிலோவுக்கு மொத்தம் 4 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. அந்த நச்சு பூசணத்திலிருந்து வருவது. வறுத்தாலும் முழுக்கப் போகாது. ஆகவே ஏற்றுமதி தொடங்கும் இடம் துறைமுகம் அல்ல, கடலை வாங்கும் கிட்டங்கி. சுருங்கியதையும் நிறம் மாறியதையும் பொறுக்கி எறிய ஆள் வையுங்கள்.

கடன், மானியம் பற்றிக் கேட்காமல் யாரும் என்னை விடுவதில்லை. உணவுக் குறுந்தொழில்களுக்காக மத்திய அரசு 2020-இல் தொடங்கிய திட்டத்தில் திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் என்று வைத்திருந்தார்கள். அதன் இன்றைய நிலையையும் மாநிலத் திட்டங்களையும் வேளாண் வணிகத் துறை அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் நேரில் போய்க் கேளுங்கள். ஆனால் மானியம் கிடைக்கிறதே என்று இயந்திரத்தை முதலில் வாங்காதீர்கள். ஆயுள் தெரியாத பண்டத்தை வேகமாகச் செய்யும் இயந்திரம், திரும்பி வரும் பெட்டிகளின் எண்ணிக்கையைத்தான் கூட்டும். தார்ப்பாய் போர்த்தி மூலையில் நிற்கும் இயந்திரங்களுக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது எனக்கு மிகவும் வேதனையான வேலை.

பெரிய கடைகளின் தவணையும் அப்படித்தான். மூன்று மாதம் கழித்துப் பணம் தருகிற கடைக்குச் சரக்கு போட, மூன்று மாதக் கோதுமையும் நெய்யும் வாங்கக் கையில் முதல் வேண்டும். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். அதைச் செய்து வைத்திருக்கும் குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பேச்சைத் தொடங்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.

அல்வாப் பெரியவரின் நோட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. மகள் கையெழுத்து. புதிய டப்பாவில் இருபத்தேழாம் நாள் வரை நன்றாக இருந்தது, முப்பதில் நெய் வாசனை மாறியது என்று எழுதியிருக்கிறாள். பதினெட்டு நாள் என்று அச்சடித்து, மாசி முதல் பெங்களூருக்குத் திரும்ப அனுப்புகிறார்கள். ஆனால் அந்தச் சோதனை நடந்தது தை மாத வறட்சியில். மழைக்கால ஈரத்தில் அதே டப்பா எப்படி நடந்துகொள்ளும் என்று இன்னும் பார்க்கவில்லை. புரட்டாசிக் கடைசியில் முப்பது டப்பாவை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே உங்கள் முப்பதை எடுத்து வைத்துவிடுங்கள், கார்த்திகை முடிவதற்குள் விடை கிடைத்துவிடும்.