பால்மா டின்னும் மேய்ச்சல் தரையும்

மூதூர்ப் பக்கம் ஒரு மேய்ச்சல் தரை. அடிப்பக்கம் வெட்டிய பால்மா டின்னை நிலத்தில் இறுக்கி, ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றினேன். மாடு நுழையாத வேலியோரத்து அறுகம்புல்லில் தண்ணீர் மளமளவென்று இறங்கியது. பத்தடி தள்ளி, மாடுகள் தினமும் மிதிக்கிற இடத்தில் நாங்கள் பிளேன்ரீ குடித்து முடித்த பிறகும் டின்னுக்குள் தண்ணீர் நின்றது. பட்டிக்கார ஐயா குனிந்து பார்த்தார். "டொக்டர், இது தரை இல்ல, சிமெந்து."

மழை இல்லாததால்தான் புல் இல்லை என்பார்கள். திருகோணமலையில் ஐப்பசி தொடங்கித் தை வரை மழை கொட்டத்தான் செய்கிறது, மண்ணுக்குள் இறங்குவதில்லை. புல்லின் இலையில் பாதிக்கு மேல் மாடு கடித்துவிட்டால் வேர் வளர்வது நின்றுபோகும். துளிர்க்கத் துளிர்க்கக் கடித்தால் வேர் சுருங்கும், மண் இறுகும். பிறகு கோடையில் கச்சான் காற்று வீசும்போது தரையில் தூசிதான் மிஞ்சும்.

மாரியில் பெரும்போக நெல் விதைத்ததும் வயலில் நின்ற மாடெல்லாம் வெளியே, மேய்ச்சல் தரைக்கு. தாழ்நிலம் வெள்ளத்தில் கிடப்பதும் அதே மாதங்களில்தான். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் செத்தன. குளிர்தான் காரணம், மறுக்கவில்லை. ஆனால் விலா எலும்பை எண்ணக்கூடிய மாட்டுக்கு அதைத் தாங்க உடம்பில் என்ன இருந்தது?

தரையை நாலு துண்டாகப் பிரித்து, ஒன்றில் மேயும்போது மற்ற மூன்றையும் விட்டுவைக்கச் சொன்னேன். "அப்ப புல்லுக்கும் லீவா?" என்று ஐயா சிரித்தார். லீவுதான், மாரியில் ஒரு மாதமாவது வேண்டும். சிக்கல் வேறு இடத்தில். பத்துப் பேரின் பட்டி மேயும் பொதுத் தரையில் ஒருவர் விட்டுவைத்ததை அடுத்தவர் மாடு தின்றுவிடும். கம்பி வாங்குவதற்கு முன் எல்லோரையும் ஒரு மரத்தடியில் இருத்த வேண்டும், வயற்காரரையும் சேர்த்து. வேலிக்குக் கிளிசரிடியா மரக் கம்பு போதும். மாரி தொடக்கத்தில் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும், தழை தீனிக்கும் ஆகும், வயலுக்கும் ஆகும்.

வயற்காரர் ஏன் என்றால், வெட்டு மெசின் போன கையோடு வைக்கோலுக்கு நெருப்பு வைக்கிறார்கள். அதிலுள்ள நைதரசன் ஏறத்தாழ முழுதும் புகையாகிவிடும். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தபோது எருவுக்கு ஓடியலைந்தது மறந்துபோச்சா? அறுவடை முடிந்த வயலில் இரவில் பட்டி அடைத்தால் எரு தானாக விழும். அந்த நாளில் நம்மவர்கள் செய்ததுதான்.

எரிக்கிற வைக்கோலில் கொஞ்சத்தைக் கோடைக்கு எடுத்து வையுங்கள். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் தண்ணீரில் முற்றாகக் கரைத்துத் தெளித்து, பொலித்தீனால் காற்றுப் புகாமல் இரண்டு மூன்று கிழமை மூடவும். கரைத்த தண்ணீரை மாடு குடித்தால் நஞ்சு; வாளியை அங்கே இங்கே விடாதீர்கள். திறந்தவுடன் கொடுக்காமல் மணம் போகக் காற்றாட விடுங்கள். ஆறு மாதம் ஆகாத கன்றுக்கு வேண்டவே வேண்டாம்.