கொள்ளு வேண்டாம், அண்ணே

நான் குதிரை வைத்தியம் பார்க்கும் டாக்டர். போன ஞாயிறு இரவு பதினோரு மணிக்கு ஒரு குதிரைக்காரரிடமிருந்து போன். "டாக்டர், படுக்கிறான், எழுந்திருக்கிறான், திரும்பித் திரும்பி வயிற்றையே பார்க்கிறான்." காரை எடுக்கும்போதே தெரியும், தீவனக் கோளாறுதான். இந்த மாதத்தில் இது மூன்றாவது. இன்றைக்கு எழுதியே ஆகவேண்டும் என்று உட்கார்ந்தேன். குரல் கொஞ்சம் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரின் கிராஞ்சி பந்தயத் திடலில் ஓடிய குதிரை அது. 2024 அக்டோபர் 5 அன்று கடைசிப் பந்தயம் முடிந்ததும் பல குதிரைகள் வெளிநாட்டுக்குப் போயின. போன் செய்த இந்த அண்ணனுக்கு அனுப்ப மனசு வரவில்லை. பந்தயக் காலத்தில் பங்கு வைத்திருந்தவர், மற்ற பங்காளிகளிடம் பேசி, குதிரையைத் தன் பொறுப்பில் எடுத்து ஒரு சவாரி லாயத்தில் விட்டிருக்கிறார். மாதாமாதம் செலவு. அன்பில் ஒரு குறையும் இல்லை.

நாடித்துடிப்பு 64. சும்மா நிற்கும் குதிரைக்கு 28 முதல் 44 வரைதான் இருக்க வேண்டும். ஈறு வெளுத்திருந்தது. வயிற்றில் காதை வைத்தால் சத்தமே இல்லை. மூக்கு வழியாகக் குழாயை இறக்கிக்கொண்டிருக்கும்போது மூலையில் ஒரு நீல வாளி கண்ணில் பட்டது. அடியில் ஊறிய கொள்ளு.

"இளைச்சிட்டான் டாக்டர். குதிரைக்குக் கொள்ளுதானே? தேக்காவில் பத்துக் கிலோ வாங்கினேன்."

இந்தக் கொள்ளுதான் என் தலைவலி. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்றுதானே பழமொழி? இளைத்த குதிரைக்குக் கொள்ளு என்று அதில்கூட இல்லையே! கொள்ளு விஷம் இல்லை. படைக்குதிரைகளுக்கு ஊரில் வேகவைத்துக் கொடுத்தார்கள், உண்மைதான். அவை நாள் முழுக்க உழைத்தன. பிறந்ததிலிருந்து புல்லும் ஓட்ஸும் தின்ற ஆஸ்திரேலியக் குதிரைக்கு, ஓட்டமே நின்ற பிறகு, ஒரே நாளில் ஒரு வாளி கொள்ளு வைப்பது வேறு விஷயம். குதிரையின் இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான் பிடிக்கும். மிச்ச வேலையில் பெரும்பகுதி பின்குடலில், அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்களின் கையில். அவற்றுக்குப் பழகாத தானியத்தை மொத்தமாகக் கொட்டினால் உள்ளே புளித்துப் பொங்கும். சில சமயம் கோலிக் எனும் வயிற்றுவலியோடு நிற்காது. இரண்டு நாள் கழித்துக் குளம்பு சுடும், குதிரை முன்காலை நீட்டிப் பின்னால் சாய்ந்து நிற்கும். அது லேமினைட்டிஸ், குளம்புக்குள் வரும் அழற்சி. அதில் நான் இழந்த குதிரைகள் உண்டு.

"ராக்கெட் மேன் எல்லாம் தானியம் தின்னுதானே ஜெயித்தது?" அடுத்த கேள்வி தவறாமல் இதுதான். சரி, கிராஞ்சியில் பேர்போன பந்தயக் குதிரையான ராக்கெட் மேனுக்கே வருவோம். 27 ஓட்டத்தில் 20 வெற்றி. பேட்ரிக் ஷா பயிற்சி, உரிமையாளர் பிரெட் கிராபியா. கிராஞ்சியின் கிரிஸ்ஃபிளையர் பந்தயத்தில் 2009இலும் 2010இலும் இரண்டாவதாகத்தான் வந்தது. ஹாங்காங்கிலும் மயிரிழையில் போனது. கிராபியா பொறுத்திருந்தார். 2011இல் துபாயின் கோல்டன் ஷாஹீன் பந்தயம், அதே ஆண்டு கிரிஸ்ஃபிளையர், இரண்டிலும் வெற்றி வந்தது. நாம் பார்த்தது 1,200 மீட்டர், ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். தானியம் அந்த ஒரு நிமிடத்துக்கும், அதற்காக அதிகாலையில் செய்யும் பயிற்சிக்கும். இன்று உங்கள் குதிரை எந்தப் பந்தயத்துக்குப் போகிறது?

இன்னொன்று. ஓய்வுபெற்ற குதிரை இளைத்தாற்போலத் தெரிவது பெரும்பாலும் பந்தயத் தசை கரைவதுதான். கையால் தடவினால் விலா தட்டுப்படலாம், பயப்படாதீர்கள். உண்மையிலேயே மெலிந்தால் முதலில் பல்லைப் பாருங்கள், அப்புறம் குடற்புழு. நம் ஊர் வெக்கையில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும், மூச்சிரைக்கும். அதையும் 'சத்து இல்லை' என்று நினைத்துத் தீவனத்தைக் கூட்டுகிறார்கள்.

500 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்துக் கிலோ வரை உலர்புல் போடுங்கள். தொட்டியில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். தீவனம் மாற்றுவதானால் ஏழு முதல் பத்து நாள் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக. வயிறு வலித்தால் ஓமத் தண்ணீர், எண்ணெய் எதையும் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். வலி மாத்திரையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். வலி மறைந்தால் நோய் மறைந்தது என்று அர்த்தமில்லை, எனக்குத்தான் கண் கட்டிவிடும். தீவனத்தை எடுத்துவிட்டுக் கூப்பிடுங்கள். எந்த நேரமானாலும்.

சவாரிப் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களே, கைகூப்பிக் கேட்கிறேன். பொங்கலன்று டிபன் பாக்ஸில் சர்க்கரைப் பொங்கல் கொண்டு வராதீர்கள். போன தையில் வந்தது.

அந்தக் குதிரை பிழைத்தது. விடியற்காலை ஐந்தரைக்குச் சாணி போட்டது. அந்த அண்ணன் கண் கலங்கிவிட்டார். நான்கு குளம்புக்கும் மூன்று நாள் ஐஸ் கட்டினோம். கிளம்பும்போது மீதிக் கொள்ளு மூட்டையை நானே காரில் ஏற்றிக்கொண்டேன். ஒரு வாரமாக வீட்டில் கொள்ளு ரசம்.