சர்வீஸ் கடையில் தங்கிவிடும் அலுவலகப் போனின் நகல்

மதுரையில் ஒரு நுண்கடன் நிறுவனத்தின் களப்பணியாளர் போன்களை நிர்வகிப்பது என் வேலை. உசிலம்பட்டிப் பகுதிப் பணியாளர் ஒருவர், லோகோவிலேயே நின்றுவிட்ட அலுவலகப் போனை எங்களிடம் சொல்லாமல் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்துச் சரிசெய்து வாங்கியிருந்தார். விசாரிக்கச் சென்ற என்னிடம் கடைக்காரர் ஒளிவுமறைவின்றிக் கணினியைத் திருப்பிக் காட்டினார். பூட், சிஸ்டம், என்விரேம், யூசர்டேட்டா என்று எங்கள் போனின் பார்ட்டிஷன்கள் (சேமிப்பகத்தின் பிரிவுகள்) தனித்தனி ஃபைல்களாக ஒரு ஃபோல்டரில் கிடந்தன. ஃபிளாஷ் செய்வதற்கு, அதாவது மென்பொருளைப் புதிதாக ஏற்றுவதற்கு, முன் டம்ப் எனப்படும் முழு நகலை எடுத்து வைப்பது நல்ல தொழில் வழக்கம்தான். அதே மாடல் இன்னொன்று வந்தால் உதவும் என்று அதை அழிக்காமல் வைத்திருந்ததுதான் என்னைக் கலங்க வைத்தது.

போன் கைமாறினால் தொலைவிலிருந்தே தரவை அழிக்கும் ரிமோட் வைப் கொடுத்துவிடலாம் என்ற தைரியத்தில் இருக்கிறோம். அந்தக் கட்டளை போனுக்குத்தான் போகும், நகலுக்குப் போகாது. டம்ப் எடுக்கும் நேரத்தில் ஆண்ட்ராய்டே ஓடுவதில்லை என்பதால் போன்களை நாங்கள் கண்காணிக்கும் எம்.டி.எம். மென்பொருளின் திரையில் எச்சரிக்கையும் வராது. மீடியாடெக் சிப் உள்ள பழைய போன்கள் பலவற்றில் வால்யூம் பட்டனை அழுத்தியபடி கேபிளைச் செருகினாலே ஆண்ட்ராய்டுக்கு முன்பே ஓடும் தொடக்க நிரலான பூட் ரோம் நிலை கிடைத்துவிடும். குவால்காம் சிப் உள்ள போர்டில், அந்த மாடலுக்குரிய லோடர் (சேமிப்பகத்தைப் படிக்க உதவும் சிறு நிரல்) கையில் இருந்தால், டெஸ்ட் பாயின்ட் எனும் தொடுபுள்ளியை ட்வீசரால் ஷார்ட் செய்து அதே போன்ற நிலைக்குக் கொண்டுவருவார்கள். பூட் ரோம் சிப்பிலேயே பதிந்தது என்பதால் அதிலுள்ள ஓட்டையை அப்டேட் அனுப்பி அடைக்க முடியாது.

2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் புதிய போன்கள் அனைத்திலும் யூசர்டேட்டா குறியாக்கம், அதாவது பயனரின் தரவைச் சாவியின்றிப் படிக்க முடியாதபடி மாற்றி வைப்பது, கட்டாயம். அதற்கு முன் திறன் குறைந்த மலிவு போன்களுக்கு விலக்கு இருந்தது, எங்கள் பழைய கையிருப்பு அந்த ரகம். அப்படிப்பட்ட டம்பில் கிளை வைஃபையின் கடவுச்சொல் வெறும் எழுத்தாகவே படிக்கக் கிடைக்கும், வாடிக்கையாளர் ஆவணப் படங்களும் கிடைக்கும். குறியாக்கம் இருந்தாலும், நிறுவன ஆப்பை சிஸ்டம் பார்ட்டிஷனிலேயே ஏற்றி வாங்கியிருந்தால், அந்தப் பகுதி குறியாக்கத்தில் வராததால், ஆப்புக்குள் எழுதி வைத்த சர்வர் சாவிகள் (சர்வரை அணுகும் ரகசியக் குறியீடுகள்) திறந்தே கிடக்கும். என்விரேமில் இருக்கும் ஐ.எம்.இ.ஐ. (போனின் தனி அடையாள எண்) விவரத்தை வேறொரு போனில் ஏற்றினால், 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். ஆனால் விசாரணை முதலில் வருவது எண்ணுக்குரிய அலுவலகத்துக்குத்தான்.

கடைக்காரர் என் கண்முன்னே ஃபோல்டரை அழித்தார். ஆயினும் நகல் வேறெங்கோ இருப்பதாகவே வைத்துக்கொண்டு, அன்று மாலையே எங்கள் சர்வரில் அந்தப் போனை அடையாளம் காட்டும் டிஜிட்டல் சான்றிதழை ரத்து செய்து, கிளை வைஃபையையும் சர்வர் சாவிகளையும் மாற்றினோம். பணியாளரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. போன் இல்லாத ஒரு நாள் அவருக்கு வசூல் இல்லாத நாள். இப்போது உசிலம்பட்டி, மேலூர் கிளைகளில் இரண்டிரண்டு மாற்றுப் போன்களைச் சார்ஜ் போட்டுத் தயாராக வைத்திருக்கிறோம்.