புகைக்கும் அறையின் கதவு திறக்கும்போது

வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திப் பாருங்கள். புகை ஒரு சாண் உயரத்துக்கு நூல் பிடித்தாற்போல நேராக ஏறும். அப்புறம் நெளியும், சுருளும், கலையும். இப்போது யாராவது அதன் பக்கமாக நடந்து போகட்டும். நூல் அறுந்து, போகிறவரின் முதுகுக்குப் பின்னாலேயே புகை இழுபட்டுப் போகும். பொது இடத்தில் ‘இங்கே மட்டும் புகைபிடிக்கலாம்’ என்று இடம் ஒதுக்குவதில் உள்ள சிக்கல் இந்தக் காட்சிக்குள் இருக்கிறது.

சிகரெட் புகையின் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், சிறியவை. அசையாத காற்றில்கூட ஓர் ஆள் உயரத்திலிருந்து தரைக்கு இறங்க அவற்றுக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதுவரை காற்று போகும் இடமெல்லாம் போகும். பக்கத்தில் இருப்பவர் சுவாசிப்பதில் பெரும்பங்கு, பிடிப்பவர் ஊதித் தள்ளும் புகை அல்ல. இரண்டு இழுப்புகளுக்கு நடுவே விரலிடுக்கில் சும்மா கனன்றுகொண்டிருக்கும் முனையிலிருந்து வருவது. இப்படி அடுத்தவர் புகையால் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

இந்தியாவில் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ள விதிகள் விமான நிலையங்களிலும், 30 அறைகளுக்குக் குறையாத தங்கும் விடுதிகளிலும், 30 இருக்கைகளுக்குக் குறையாத உணவகங்களிலும் புகைக்கும் அறைக்கு இடம் தந்தன. சும்மா ஓர் அறை போதாது. நான்கு பக்கமும் முழு உயரச் சுவர், தானாக மூடிக்கொள்ளும் கதவு, புகையை நேரே வெளியே தள்ளும் தனிக் காற்றோட்டம் எல்லாம் வேண்டும். கூடவே, அறைக்குள் காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனைதான் உயிர்நாடி. உள்ளே வரும் காற்றைவிட அதிகக் காற்றை விசிறி வெளியேற்றினால் அறையின் அழுத்தம் குறையும். அதை ஈடுகட்ட, கதவிடுக்கு, சாவித்துளை என்று கிடைத்த வழியெல்லாம் வெளிக்காற்று உள்ளே பாயும். ஊதுபத்தியைக் கதவின் அடி இடுக்கில் காட்டினால் புகை உள்ளே வளைய வேண்டும். வெளியே வளைந்தால் அந்த அறை பெயருக்குத்தான்.

ஜப்பானில் இதற்கு ஓர் எண்ணே உண்டு. 2020 ஏப்ரலில் முழுமையாக நடைமுறைக்கு வந்த சட்டப்படி, வாசலில் காற்று நொடிக்குக் குறைந்தது 0.2 மீட்டர் வேகத்தில் உள்நோக்கி வீச வேண்டும். அளந்து பார்க்கக்கூடிய விதி என்பதால் எனக்கு இது பிடிக்கும். ஆனால் மனிதர் நடப்பது நொடிக்கு ஒரு மீட்டருக்கும் மேல். அறையிலிருந்து வெளியே வருகிறவர் முதுகுக்குப் பின்னால் இழுத்துவரும் காற்றை அந்த மெல்லிய வீச்சு முழுதாகத் தடுத்துவிடாது. ஒரு விமான நிலையத்தில் இப்படியோர் அறைக்கு எதிரே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கதவு தானாக மூடும் வகைதான். ஒருவர் வர, ஒருவர் போக, மூடுவதற்கு அதற்கு நேரமே கிடைக்கவில்லை. கைக்குழந்தையோடு இருந்த ஓர் அம்மா இரண்டு தடவை இடம் மாறி உட்கார்ந்தார்.

2012இல் அமெரிக்காவின் பெரிய விமான நிலையங்களில் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் நுண்துகள்களை அளந்தபோது, புகைக்கும் அறைகளை ஒட்டிய பகுதிகளில் அவை, புகைக்கு முழுத் தடை உள்ள விமான நிலையங்களில் இருப்பதைப்போல் ஐந்து மடங்கு இருந்தன. கட்டடத்துக்குள் புகைக்கும் அறையே கூடாது என்பதுதான் என் எண்ணம்.

சரி, திறந்தவெளியில்? அங்கே நிலைமை வேறு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட அளவீட்டின்படி, ஒற்றைச் சிகரெட்டுக்கு அரை மீட்டர் தள்ளி, காற்று புகையைக் கொண்டுவரும் பக்கத்தில் நின்றால் அறைக்குள் இருப்பதற்கு ஈடான புகை வரும். இரண்டு மீட்டர் தள்ளிப் போனால் ஏறக்குறைய இயல்பு நிலை. சிகரெட் அணைந்ததும் புகையும் போய்விடும். அறைக்குள் என்றால் மணிக்கணக்கில் தங்கும். பத்துப் பேர் சேர்ந்து நின்றால் இந்த இரண்டு மீட்டர் கணக்கு செல்லாது. சிங்கப்பூரில் பேருந்து நிறுத்தங்களையும் கட்டட வாசல்களையும் சுற்றி 5 மீட்டருக்குள் புகைபிடிக்கக் கூடாது. 2019 ஜனவரி 1 முதல் அங்குள்ள ஆர்ச்சர்ட் சாலைக் கடைவீதிப் பகுதியில் ஒதுக்கிய இடங்களில் மட்டுமே அனுமதி. ஜப்பானின் ஒசாகா நகரம் 2025 ஜனவரி 27 முதல் நகரின் எல்லாத் தெருக்களிலும் தடை விதித்தது; மீறினால் 1,000 யென். தடையோடு போதுமான இடங்களையும் தராவிட்டால், இருக்கும் சில இடங்களில் கூட்டம் கோட்டுக்கு வெளியே வழியும்.

ஜப்பானியத் திறந்தவெளி இடங்களில் ஆளுயரத்துக்கு மேல் தடுப்பு எழுப்பி, மேலே கூரை போடாமல் விடுவதுண்டு. தடுப்பின் அடியில் சிறு இடைவெளி இருந்தால் புதுக்காற்று கீழே நுழையும், சூடான புகை மேலே போகும், நம் அடுப்புப் புகைபோக்கி மாதிரி. வாசலை ஒரு திருப்பம் வைத்துக் கட்டினால் புகை நேராக நடைபாதைக்கு வராது.

இவ்வளவும் செய்த பிறகு காற்றின் திசை மிச்சமிருக்கிறது. சென்னை, சிங்கப்பூர், ஒசாகா மூன்றுமே கடலோர ஊர்கள். இடம் குறிக்கப் போகும் பொறியாளர் கோடு போடுவதற்கு முன் ஓர் ஊதுபத்தியோடு காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை அங்கே நிற்க வேண்டும். காலையில் நிலக்காற்றில் பேருந்து நிறுத்தத்தை விட்டு விலகிப் போன புகை, கடற்காற்று திரும்பியதும் அங்கே காத்திருப்பவர்கள் மேலேயே வந்து படியும்.