பவர் கண்ணாடியில் கீறலா? பேஸ்ட்டை எடுக்காதீர்கள்

"ஏனுங்க, இந்தக் கோட்டை மட்டும் லேசா பாலிஷ் போட்டு எடுத்துத் தர முடியாதுங்களா?"

கோவையில் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருப்பவர் யாரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. முடியாதுங்க என்று சொன்னால் சிலர் லேசில் விடமாட்டார்கள். "யூடியூப்ல பேஸ்ட் போட்டே எடுக்கறாங்களே!" என்று போனை நீட்டுவார்கள்.

ஏன் முடியாது என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். இன்று நாம் போடும் லென்ஸ்களில் பெரும்பாலானவை பிளாஸ்டிக். சாதாரண லென்ஸ் என்றால் சி.ஆர்-39 என்ற பிசின். 1940-களில் அமெரிக்காவில் வந்தது. பழைய கண்ணாடி லென்ஸோடு ஒப்பிட்டால் எடை ஏறக்குறைய பாதிதான். கை தவறி விழுந்தாலும் சட்டென்று நொறுங்காது. ஆனால் சீக்கிரம் கீறிக்கொள்ளும். "எங்க அப்பாரு கண்ணாடி இருபது வருசம் வந்துச்சுங்க" என்று பெரியவர்கள் சொல்வது உண்மைதான். அது அசல் கண்ணாடி. பழைய புகைப்படங்களைப் பார்த்தால் மூக்கில் அது பதித்த தழும்பும் தெரியும்.

பிளாஸ்டிக்கின் இந்தக் குறையை ஈடுகட்டத்தான் மேலே ஹார்ட் கோட் போடுகிறார்கள். அதன் தடிமன் சில மைக்ரான்தான். நம் தலைமுடி ஒன்றின் தடிமனே சுமார் 70 மைக்ரான் இருக்கும். அதற்கும் மேலே பளபளப்பைக் குறைக்கும் ஏ.ஆர்.சி. அடுக்குகள், எல்லாம் சேர்ந்தாலும் ஒரு மைக்ரான் வராது. கீறல் என்பது இந்த அடுக்குகளைத் தாண்டி இறங்கிய ஒரு பள்ளம். அதை இல்லாமல் ஆக்க வேண்டுமென்றால், சுற்றியுள்ள பரப்பு முழுவதையும் பள்ளத்தின் ஆழத்துக்குத் தேய்த்து இறக்க வேண்டும். அப்படித் தேய்த்தால் கோட்டிங் போய்விடும். பவரே லென்ஸின் வளைவில்தான் இருக்கிறது. கையால் தேய்க்கும்போது ஓர் இடம் அதிகமாகவும் ஓர் இடம் குறைவாகவும் தேய்ந்தால் அந்த வளைவும் கெடும்.

பேஸ்ட் போட்டுத் தேய்த்த லென்ஸைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடலாம். ஏ.ஆர்.சி. போட்ட லென்ஸை டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால், விளக்கின் பிம்பம் மங்கலான பச்சையாகத் தெரியும். சில லென்ஸ்களில் நீலமாக. தேய்த்த இடத்தில் மட்டும், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு அந்தப் பச்சை காணாமல் போய், விளக்கு வெள்ளை வெளேரென்று அடிக்கும். அதைச் சுற்றி வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள். அந்த இடம் பெரும்பாலும் கருவிழிக்கு நேராகவே இருக்கும். அங்கே கோடு உறுத்தியதால்தானே தேய்த்தார்! பேஸ்ட்டில் சுண்ணாம்புத் தூள், சிலிக்கா போன்ற தேய்க்கும் பொருட்கள் இருக்கின்றன. பல்லின் எனாமல் அதைத் தாங்கும், லென்ஸ் தாங்காது. சமையல் சோடா, பித்தளை துலக்கும் பாலிஷ் எல்லாம் இதே கதைதான். கார் மெழுகு பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொண்டு இரண்டு நாள் கோட்டை மறைக்கும். அப்புறம் பிசுபிசுப்புதான் மிச்சம்.

கீறல் விழுந்த கண்ணாடியைப் போட்டால் கண் கெட்டுவிடுமா? கெடாது. பவரும் ஏறாது. ஓரத்தில் இருக்கும் கோட்டை அப்படியே விட்டுவிடலாம். பார்வை போகிற வழியில், நடுவில் கீறல்கள் இருந்தால்தான் தொந்தரவு. வெளிச்சம் அதில் பட்டுச் சிதறும். பகலில் அவ்வளவாகத் தெரியாது. இரவில் எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் விரிந்து கண்ணில் அடிக்கும். இரவில் வண்டி ஓட்டுகிறவர் என்றால் யோசிக்காமல் லென்ஸை மாற்றுங்கள். தூரத்துக்கும் படிப்பதற்கும் சேர்த்து ஒரே லென்ஸாக வரும் ப்ரோக்ரெசிவ் லென்ஸ் போடுபவர்களுக்கு, படிப்பதற்கான கீழ்ப்பகுதியில் விழும் கோடும் இதே அளவு தொல்லை தரும்.

சரி, கீறல் எப்படி விழுகிறது? கீழே விழுந்து என்று நினைப்போம். நான் பார்த்தவரை பெரும்பாலும் துடைப்பதில்தான். லென்ஸின் மேல் எப்போதும் தூசி இருக்கும். அதில் மணல் இருக்கும். மணலில் உள்ள குவார்ட்ஸ் பிளாஸ்டிக்கைவிட எவ்வளவோ கடினம். அதன் மேல் சட்டை நுனியையோ, வேட்டி ஓரத்தையோ, முந்தானையையோ வைத்து அழுத்திச் சுற்றினால், நாமே உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். ஊதிவிட்டுத் துடைத்தால் போதும் என்பதும் சரியில்லை. ஊதினால் எல்லாத் தூசியும் போகாது. நெற்றியிலிருந்து உதிரும் திருநீறு, வாசலில் கோலம் போட்ட கையில் ஒட்டியிருக்கும் கல்மாவு, லேத் பட்டறையில் பறக்கும் இரும்புத் தூள் எல்லாம் இதில் சேர்த்தி. பட்டறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பவர் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. அதன் மேல் தனியாக ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் எப்படித் துடைப்பது? முதலில் தண்ணீர். குழாயை லேசாகத் திறந்து லென்ஸின் இரு பக்கமும் நனையவிட்டால் மணல் ஓடிவிடும். பாத்திரம் கழுவும் சோப்பு நீர் ஒரு சொட்டு. இரண்டு விரல்களுக்கு நடுவே மெதுவாகத் தடவி, அலசி, உதறி, சுத்தமான மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். போர் தண்ணீர் என்றால் தானாகக் காயட்டும் என்று வைத்துவிடாதீர்கள். உப்பு வெள்ளைப் புள்ளியாகப் படிந்துவிடும். பிறகு அதைச் சுரண்டித் தேய்க்கப்போய்க் கோடு விழும். டப்பாவோடு கொடுக்கும் துணியையும் அவ்வப்போது துவைக்க வேண்டும். அழுக்குத் துணி தூசியைக் கொண்டுவந்து லென்ஸில் சேர்க்கும். வெந்நீர், சானிடைசர், நகப்பாலிஷ் நீக்கும் திரவம் மூன்றும் வேண்டாம்.

கீறல் என்று கொண்டுவரும் சில லென்ஸ்களில் கீறலே இருக்காது. மே மாத வெயிலில் காரின் டாஷ்போர்டில் கண்ணாடியை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். சூட்டில் பிளாஸ்டிக் விரிகிற அளவுக்குக் கோட்டிங் விரியாது. அதனால் அது வெடித்து, சிலந்தி வலை போல மெல்லிய வெடிப்புகள் லென்ஸ் முழுக்கப் பரவிவிடும். இதையும் சரிசெய்ய வழியில்லை. வாங்கும்போதே கோட்டிங்குக்கு வாரன்டி உண்டா, கீறலுக்கும் உண்டா என்று தனித்தனியாகக் கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். 'ஸ்க்ராட்ச் ரெசிஸ்டன்ட்' என்றால் சீக்கிரம் கீறாது என்றுதான் பொருள். கீறவே கீறாது என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

குழந்தைகளுக்குப் பாலிகார்பனேட் என்ற இன்னொரு வகை பிளாஸ்டிக் லென்ஸைப் பரிந்துரைப்போம். பந்து பட்டாலும் எளிதில் உடையாது, ஆனால் சீக்கிரம் கீறும். கீறுகிறதே என்று கண்ணாடி லென்ஸுக்கு மாறாதீர்கள். லென்ஸை மாற்றிக்கொள்ளலாம், கண்ணை மாற்ற முடியாது. எப்படியும் பிள்ளைகளுக்கு பவர் மாறிக்கொண்டே இருக்கும்.

ஒரு லென்ஸ் மட்டும் போயிருந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதே கம்பெனி, அதே கோட்டிங் கிடைக்காவிட்டால் ஒரு பக்கம் பச்சையும் மறுபக்கம் நீலமுமாக மின்னும். பார்வைக்கு ஒன்றுமில்லை, போட்டோவில்தான் தெரியும். பிரேம் பழையது என்றால் புது லென்ஸ் மாட்டும்போது உடையவும் கூடும், அதற்குத் தயாராக வாருங்கள்.

அறுபதைத் தாண்டியவர்கள் "லென்ஸ் எல்லாம் கீறிப்போச்சு, மங்கலா இருக்கு" என்று வந்தால், நான் லென்ஸைக் கழுவிப் பார்த்துவிட்டு அடுத்ததாகக் கண்ணைத்தான் பார்ப்பேன். கண்புரையிலும் இதே மங்கல்தான், இரவில் இதே ஹெட்லைட் கூச்சம்தான். கண்ணாடியைக் கழற்றினாலும் விளக்கைச் சுற்றி ஒளி சிதறுகிறதா? அப்படியென்றால் கண் டாக்டரிடம் போங்கள், புது லென்ஸ் அப்புறம் வாங்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. சர்க்கரை ஏறி இறங்கும்போது பவரும் கூடவே மாறும். இன்று அளந்த பவர் அடுத்த மாதம் பொருந்தாமல் போகலாம். சர்க்கரை ஒரு நிலைக்கு வந்த பிறகு அளந்து, அப்புறம் ஆர்டர் கொடுத்தால் காசு மிச்சம்.